சுடாத சிப்பி

வாருங்கள் தோழர்களே! பம்மலில் இடிந்து கிடக்கும் பள்ளிச் சுவரைப் பாருங்கள். அதன் அடியில் மாண்டவள் சிறுமி பேபி. அவள் சாவுக்காகச் சிறையில் கிடப்பவனோ சுவரைக் கட்டிய கொத்தன் மாரி, அவளைப் பெற்ற தகப்பன்!

அந்தச் சிறைக்கதவைப் பூட்டியது தன் கைதான் என்பதை ஹில்டா 1968-இல் அறிந்தாள். தாம்பரத்துக் கல்லூரி ஒன்றின் இரசாயன விரிவுரையாளர் அவள். ஈராயிரம் ஆண்டு நின்ற ரோமாபுரிச் சுவர்களின் காரையை இத்தாலியிலிருந்து தருவித்து ஆராய்ந்துவந்தாள். அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு பொங்கிக் கரையும்; மணல் மிஞ்சும். மிஞ்சியதை நிறுத்தால் கலவையின் தரம் தெரியும். பம்மல் காரையையும் போலீசார் அவளிடமே கொடுத்தனர். "சுண்ணாம்பு நிறைவு" என்று சான்றளித்தாள். பொருள் வாங்கித் தந்த கான்டிராக்டர் தப்பினார். பழி, கட்டியவன் தலையில் விழுந்தது.

மாரி சிறைக்குப் போனபின் ஒருநாள் ரோமாபுரித் துண்டொன்றை லென்சின் கீழ் வைத்தபோது சிப்பித் துணுக்குகள் மின்னின. ரோமர் சுட்டது சுண்ணாம்புக் கல்லை. அப்படியானால் இந்தச் சிப்பி கடல்மணலோடு வந்தது! பம்மல் காரையிலும் சிப்பியைக் கண்டாளே! நம் ஊர்ச் சுண்ணாம்பே சிப்பியைச் சுட்டு எடுப்பதுதானே என்று கடந்துவிட்டாளே! மிச்சமிருந்த பம்மல் காரைக் கட்டியை உடைத்தாள். அத்தனையும் நெருப்பே காணாத ஓடு. சுடாத சிப்பி செங்கல்லைப் பிடிக்காது. ஆனால் அமிலத்தில் சுண்ணாம்பைப் போலவே கரையும். கான்டிராக்டர் கொட்டிய கடற்கரை மணலைச் சுண்ணாம்பென்று கணக்கிட்டவள் அவள்.

துறைத்தலைவர் லாசரஸிடம் ஓடினாள்.

"ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கினா நம்ம ரோமன் ரிசல்ட்ஸை எவன்மா நம்புவான்? பேப்பர் லண்டனுக்குப் போயாச்சு."

"மாரி ஜெயில்ல இருக்கான், சார்."

"கொத்தனுக்கு ஜெயில் என்ன புதுசா?"

மாலையில் பம்மலுக்குப் போனாள். மாரியின் மனைவி எல்லம்மா வாசலை மறித்து நின்றாள்.

"இன்னாம்மா, பொண்ண பொதச்சாச்சு, புருசன புட்ச்சிகினு போயாச்சு. இடிக்க இன்னும் இன்னா கீது இந்த வூட்ல?"

"நான் எழுதினது தப்பு, எல்லம்மா. கோர்ட்ல வந்து சொல்றேன்."

"சொல்லு. எம்பொண்ணு எந்திரிச்சு வந்துடுவாளா?"

ஹில்டா சொன்னாள். கல்லூரி அவளை வேலையிலிருந்து நீக்கியது. நீதிமன்றமோ முதற்சான்றே போதும் என்றது. மாரி இன்னும் உள்ளே. அதே கான்டிராக்டர் இன்று அடுத்த பள்ளியைக் கட்டுகிறார்.

கேட்டுக் கண்ணீர் விட்டது போதும். எழுங்கள்! உங்கள் பிள்ளை சாய்ந்து உட்காரும் சுவரை நகத்தால் சுரண்டுங்கள். உதிரும் மணலில் சிப்பி பல்லிளித்தால், பிள்ளைகளை வெளியே அழைத்துவந்து, கட்டியவனை அல்ல, கட்டச் சொன்னவனைக் கூண்டில் ஏற்றுங்கள்!