ஒன்பது 'ஏ' கேட்ட பெயர்

சகல தமிழ்ப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1979-ஆம் ஆண்டு, ஹரிராயா என்னும் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அச்சகம் ஒன்றில், ஒரு பெரிய மனிதரின் மரணத்துக்கு ஐஸ்கிரீம் எழுத்து போடப்பட்டது.

போட்டவள் ரமணி. இறந்தவர் அம்பலவாணர் சண்முகரத்தினம். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒன்பது 'ஏ' வேண்டும். அட்டையில் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாளைத் தயாரித்த வெள்ளைக்காரன் நம்மவர் பெயர்களை எண்ணிப் பார்க்கவில்லை. கம்பீரமான எழுத்துத் தாளில் ஆறாவது 'ஏ'யோடு கதை முடிந்தது. பெருநாளுக்குக் கடைகள் எல்லாம் பூட்டு. முப்பத்தோராம் நாள் நினைவு மலரோ நாளைக்கே கைக்கு வரவேண்டும்.

மிச்சமிருந்தது பங்சார் ஐஸ்கிரீம் கடைக்காக வாங்கிய தாள் ஒன்றுதான். அதில் 'ஏ' தாராளம்; முழுப் பெயரும் அதிலேயே ஏறியது. காம்பஸ் வைத்துச் சுழற்றிய 'ஓ'. தடிப்பும் மெலிவும் இல்லாமல் எங்கும் ஒரே பருமன். முனைகளெல்லாம் விரல்நுனி போல உருண்டை. மற்ற எழுத்துகள் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்கும். இது வெறுங்காலோடு வந்து சிரிக்கும். சாவு வீட்டில்!

இறந்தவரின் மகன் விநாயகமூர்த்தி, ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகஸ்தர், சங்கச் செயலாளர். மூன்று வருஷமாகச் சங்கத்துக்கு அடித்த எந்தக் கார்டை நீட்டினாலும் கை நீளத்தில் பிடிப்பார், மூக்கருகே கொண்டுவருவார், "சரியில்லை" என்று மேசையில் போடுவார். என்ன சரியில்லை என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. அச்சகமே ஒரு கமாவைக் குற்றவாளியாக்கி மாற்றி நீட்டினால் மறுநாள் வாங்கிக்கொள்வார். "அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றது ஊர். போன தடவை அப்படி ஒரு கமாவுக்காக ரமணியோடு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்த தம்புசாமியின் வேலை போனது.

"இன்னொரு தடவை அந்த மனுஷன் திருப்பினா, தம்புசாமி போன வழியிலயே நீயும் போகலாம் லா" என்றார் முதலாளி சாத்தப்பன்.

"அண்ணே, இது ஐஸ்கிரீம் எழுத்துண்ணே!"

"கத்தாத. வேணும்னா நெத்தியில விபூதி பூசிக்கிட்டு நில்லு."

மூன்று மணிக்குக் கார்க் கதவு சாத்தும் சத்தம். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. விநாயகமூர்த்தி நினைவு மலரின் அட்டையை எடுத்தார். கை நீளம். மூக்கருகே. பிறகு, இதுவரை செய்யாத ஒன்றாக, வாசல் வெளிச்சத்துக்குப் போனார். சாத்தப்பனுக்குத் திடீரென்று காகிதக் கட்டுகளை எண்ணும் ஆர்வம் வந்தது. ரமணிக்கு வாடகை வீடு கண்முன் வந்து போனது. வாசலில் அவருடைய உதடுகள் ஒவ்வோர் எழுத்தாக அசைந்தன.

"யார் செஞ்சது?"

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க சார், 'ஏ' முடிஞ்சுபோச்சு, கடையெல்லாம் பூட்டு..."

"பிள்ளை, இனிமே சங்கத்துக் கார்டெல்லாம் இந்த எழுத்துலயே போடு." சாத்தப்பனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "மத்ததுல மெல்லிசுக் கோடெல்லாம் எனக்குப் புகை மாதிரி கலைஞ்சுபோகுது. இதுல அப்பா பேர் தெரியுது."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மூன்று வருஷமாக அவர் ஒரு கார்டையும் வாசித்திருக்கவில்லை.