பேணாட் எழுதிய அந்த ஒரு சொல்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்துப் பிறந்தது. எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் ஒரு தாதியர் பயிற்சி நிலையம். ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்ற சொல் பலகையில் பாதி இடத்தைப் பிடித்திருந்தது. கீழே ஓர் ஏணி, ஆளைக் காணவில்லை. மிச்சமெல்லாம் என் கற்பனை.

துறைமுகத்திலிருந்து வீசிய காற்று… (வேண்டாம். இந்தக் கதையில் காற்றுக்கு வேலையில்லை.)

2
பேணாட் பலகை எழுதுகிறவர். ஐந்து வருடத்துக்கு முன் அந்தச் சொல்லை எழுதியவரும் அவரே. அங்கீகரிக்கப்பட்ட பாடசாலை, அங்கீகரிக்கப்பட்ட முகவர், அங்கீகரிக்கப்பட்ட சாரதிப் பயிற்சி என்று ஊரில் எத்தனை சுவருக்கு எழுதியிருப்பார்! யாரோ வந்து பார்த்து, சரியென்று கையெழுத்து வைத்திருக்கிறார் என்பது அதன் பொருள். அந்த யாரோ யாரென்று பேணாட் கேட்டதில்லை. நாம் மட்டும் கேட்கிறோமா என்ன?

3
திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்குகிறது. மங்கிய எழுத்தைப் புதுப்பிக்க வந்தவர் ஏணியில் கால் வைத்தபோது நஜ்முன் நிஸா மறித்தார். கையில் மகளின் சான்றிதழ்.

“அண்ணன், இது செல்லாதாம். இந்த இடத்த ஒருத்தரும் அங்கீகரிக்கல்லயாம். ரெண்டு வருசம் என்ட புள்ள படிச்சது வீணாப் போச்சு.”

“அவையள் தந்ததை எழுதினனான், தங்கச்சி. எனக்கென்ன தெரியும்?”

“நீங்க எழுதினதப் பாத்துத்தான் நான் சேத்தன்.”

(இங்கே பேணாட்டுக்கு ஒரு நல்ல பதில் எழுதிப் பார்த்தேன். மூன்று தரம். மூன்றும் பொய்.)

ஏனென்றால் அவரும் அந்த எழுத்தை நம்பித்தான் தன் மகள் தினுஷாவை அங்கே சேர்த்திருந்தார். தன் கையால் எழுதியதைத் தானே நம்பிய மனுசன்! இவரை எப்படித் திட்டுவது? அவளுக்குப் படிப்பு முடிய இன்னும் மூன்று மாதம்.

4
முதல் முடிவு: சொல்லை அழிக்கிறார். மகளின் படிப்பும் அதோடு அழிகிறது. (அது எப்போதோ அழிந்துவிட்டது. தினுஷாவுக்குத்தான் தெரியாது.)

இரண்டாம் முடிவு: புதுப்பிக்கிறார். திங்கட்கிழமை இன்னும் நாற்பது பிள்ளைகள்…

மூன்றாவதாக ஓர் அதிகாரி வந்து… (இல்லை. அப்படியொருவர் வருகிறவராக இருந்தால் இந்தக் கதையே இல்லை.)

5
பேணாட் ஏறிவிட்டார். ஒரு பேணியில் எழுதச் சிவப்புப் பெயின்ற், மற்றதில் அழிக்க வெள்ளை. உள்ளேயிருந்து தினுஷா சீருடையோடு ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“வடிவா எழுதுங்கோ அப்பா. எங்கட சான்றிதழிலயும் இந்தச் சொல்லுத்தான் வரப்போகுது.”

நஜ்முன் நிஸா சான்றிதழை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

இதற்கு மேல் என்னால் ஏலாது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் பலகையைப் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். ஏணியைப் பிடித்திருக்கிற பிள்ளையிடம் யாராவது சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.