ஐந்தாவது ஏன்

திங்கட்கிழமை மதியம் மூன்று மணி. இரண்டாயிரத்து நானூறு தட்டுகளையும் கழுவி அடுக்கிவிட்டு, காலின் ஈரம்கூடக் காயாமல் நாங்கள் கூட்ட அறையில் வந்து உட்கார்ந்தபோது, ஹயசாகா வெள்ளைப் பலகையில் ‘ஏன்?’ என்று ஐந்து முறை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தாள். நகரத்துப் பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் எங்கள் கூடத்துக்குப் போன வசந்தத்தில் வந்து சேர்ந்த ஊட்டச்சத்து நிபுணர் அவள். இருபத்தாறு வயது. நான் இங்கே கரண்டி பிடிக்க ஆரம்பித்தபோது இதே கூடத்துச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு மூக்கொழுக விளையாடிக்கொண்டிருந்திருப்பாள். அவள் ஏன் என்று கேட்பாளாம், நாங்கள் பதில் சொல்வோமாம், அந்தப் பதிலுக்கும் ஏன் என்பாளாம். ஐந்து முறை தோண்டினால் வேர் தெரிந்துவிடும் என்பது கார் தொழிற்சாலைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை. “யார் தப்புன்னு நாம பேசப் போறதில்ல. வேலை முறையில எங்க ஓட்டை இருக்குன்னுதான் பாக்கப் போறோம்,” என்றாள். யார் தப்பென்று ஆளுக்கொரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கும் அறையில் இப்படிச் சொல்வதற்கு ஒன்று தைரியம் வேண்டும், இல்லையென்றால் விவரம் தெரியாமல் இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை பன்றிக்கறிக் குழம்பும் சோறும். குழம்பு இறங்குவதற்கு முன் நாங்கள் பால்பவுடர் போடுவது வழக்கம், சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் மட்டுப்படும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் பதினோரு பேர். பவுடர் விழுவதற்கு முன்பே அவர்களுக்காகப் பதினோரு கரண்டி எடுத்து, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தனி அடுப்பில் கொதிக்க வைத்து, பெயர் எழுதிய டப்பாக்களில் அடைப்பது என் வேலை. பெரிய அண்டாவில் துடுப்புப் போடுவது குரோயிவாவின் வேலை. பவுடர் போடப் போகிறேன் என்பதற்கு அவள் துடுப்பால் அண்டா விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள், நான் போவேன். அன்றைக்குத் தட்டினேன் என்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. நான் போய் எடுத்தபோது பவுடர் விழுந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. குழம்பின் நிறத்தில் அது தெரியாது. நான் முதல் கரண்டி எடுத்ததை அவள் பார்த்தாள். பரிசோதனைக்காக உறைய வைக்கும் மாதிரியை எடுக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிக்கொண்டாளாம். என் முகத்தை அதிக நேரம் பார்ப்பது அவளுக்கு ஆகாது.

வண்டிகள் கிளம்பிய பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நேரே வந்து என்னைக் கேட்டிருந்தால் பத்து வினாடி. அவள் கூட வேலை செய்யும் மிதோபேயை அனுப்பினாள். நான் கழுவும் கூடத்தில் இருந்தேன். சமைக்கும் கூடத்திலிருந்து அங்கே வர வேண்டுமென்றால் பூட்ஸ் மாற்ற வேண்டும், மேலங்கி மாற்ற வேண்டும், திரும்பிப் போகும்போது முழங்கைவரை தேய்த்துக் கழுவ வேண்டும். “எப்ப எடுத்தீங்கன்னு கேக்கறாங்க,” என்றாள் மிதோபே. “எடுக்க வேண்டிய நேரத்துலதான் எடுத்தேன்னு போய்ச் சொல்லுங்க,” என்றேன். பூட்ஸ் மாற்றிப் போனாள். பூட்ஸ் மாற்றி வந்தாள். “எத்தன மணிக்குன்னு கேக்கறாங்க.” இப்படி இருபது நிமிடம் கரைந்தது. பள்ளிக்குத் தொலைபேசி போனபோது இரண்டாம் வகுப்பில் எல்லோரும் சாப்பிடுமுன் கைகூப்பி வணங்கி முடித்திருந்தார்கள். இட்சுகி என்ற பையனின் கரண்டி வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஆசிரியை ஓடிவந்து தட்டிவிட்டாள். பால் ஒரு சொட்டுப் போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும் பிள்ளை அவன்.

கல்வி அலுவலகம் பத்து நாள் கொடுத்தது. அதற்குள் புதிய வேலை முறை எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வர வேண்டும். இல்லாவிட்டால் அலர்ஜிச் சாப்பாடே நிறுத்தம், பதினோரு பிள்ளைகளும் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். முப்பது பேர் ஒரே குழம்பைத் தின்னும் வகுப்பில் ஆறிப்போன டப்பாவைத் திறப்பது என்னவென்று எனக்குத் தெரியும். என் மகளும் அப்படித் தின்றவள். இந்தத் தனி அடுப்பு வேண்டுமென்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் மனுக் கொடுத்து மனுக் கொடுத்து வாங்கியவள் நான். இன்னொருத்தியின் துடுப்புச் சத்தத்தால் அது என் கையைவிட்டுப் போவதை நினைத்தால் வயிறு எரிந்தது.

எனக்கும் குரோயிவாவுக்கும் பேச்சு நின்று ஆறு வருடம். பச்சைக் காய்க் கலவையில் ஒரு மயிர் கிடந்தது என்று பள்ளியிலிருந்து புகார் வந்த அன்று, எல்லோர் முன்னாலும் அந்தப் பிளாஸ்டிக் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “சாயம் போட்ட மயிர் மாதிரி இருக்கே,” என்றாள். கூடத்தில் சாயம் போடுகிறவள் நான் ஒருத்திதான். அது அந்தப் பள்ளியின் ஆசிரியை ஒருத்தியுடையது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. அந்த வருடக் கடைசி விருந்தில் வரிசையாக எல்லோருக்கும் பீர் ஊற்றிக்கொண்டே போய், அவள் நீட்டிய கிளாஸைத் தாண்டி அடுத்தவளுக்கு ஊற்றினேன். அவள் கிளாஸை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். அதிலிருந்து துடுப்பால் தட்டுவது, தலையசைப்பு, மிதோபே. இவைதான் எங்கள் மொழி.

பலகையில் நான்கு பதில்கள் ஏறின. பால் ஏன் கலந்தது? பவுடருக்குப் பிறகு எடுத்ததால். ஏன் பிறகு எடுத்தார்கள்? தட்டியது கேட்காததால். ஏன் கேட்கவில்லை? ஆவியை வெளியேற்றும் காற்றாடியின் சத்தம். தட்டுவதை மட்டும் ஏன் நம்பியிருந்தார்கள்? வேறு ஏற்பாடு இல்லாததால். ஐந்தாவதுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் மேசையில் இல்லாத அழுக்கைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, பதினான்கு பெண்கள் சேர்ந்து அதைச் செய்தோம். கூடத்தின் தலைவர் தொண்டையைச் செருமினார். “சிவப்பு விளக்கு ஒண்ணு போட்டுட்டா என்ன? சத்தம் கேக்காட்டியும் கண்ணுக்குத் தெரியுமே.” எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விளக்கு, விளக்குக்கு ஒரு சுவிட்சு, விளக்கைப் பார்த்ததற்கு ஒரு அட்டை, அட்டையை மாட்டக் காந்தப் பலகை, எனக்கு மட்டும் நீலக் கரண்டி. இரண்டு கிழவிகளின் வீம்பைச் சுற்றிப் போக எத்தனை பெரிய பாதை போட்டார்கள் என்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்போது நானும் ஆமாம் போட்டேன்.

புதன்கிழமை வெறும் வெந்நீரை அண்டாவில் விட்டு ஒத்திகை பார்த்தோம். விளக்கு எரிந்தது, போனேன், எடுத்தேன், அட்டையை மாட்டினேன். தலைவர் கைதட்டினார். ஹயசாகா மட்டும் தட்டவில்லை.

“குரோயிவா சான், விளக்கப் போட மறந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம்.”

“நான் மறக்க மாட்டேன்.”

“மறந்து, பவுடரும் போட்டாச்சு. அப்ப,” என்று என்னைக் காட்டினாள், “நிஷிவாகி சான் வந்து கரண்டிய விடறாங்க. உங்க கண்ணு முன்னாடி. என்ன செய்வீங்க?”

குரோயிவா யோசிக்கக்கூட இல்லை. “மிதோபே சானக் கூப்பிடுவேன்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. மிதோபே கையுறையை உருவிக் குப்பைக் கூடையில் எறிந்தாள். எட்டு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை.

“ஹயசாகா சான், அந்த அஞ்சாவத எழுதிக்கோங்க. இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. நான் அன்னைக்கு நாலு தடவ பூட்ஸ் மாத்தினேன். நாலாவது தடவ மாத்தும்போதுதான் அந்தப் பையன் கரண்டியத் தூக்கியிருக்கான். எனக்கு ராத்திரி தூக்கம் வரல. இவங்களுக்கு வருதான்னு கேட்டுச் சொல்லுங்க.”

ஹயசாகா எழுதினாள். எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு, ‘ஆறு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை’ என்று. தலைவர் பதறிப் போனார். “இத அலுவலகத்துக்கு அனுப்ப முடியுமா? அழிச்சுடும்மா.” அவள் பேனாவின் மூடியை அழுத்தி மூடினாள். “அத அழிச்சா மத்த நாலும் பொய் சார்,” என்றாள். அந்தச் சின்னப் பெண்ணை அன்று எனக்குக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

விளக்கும் அட்டையும் போயின, நீலக் கரண்டி மட்டும் நின்றது. விளக்குக்குப் பதிலாக ரயில்காரர்கள் செய்வதுபோல விரலை நீட்டி, உரக்கச் சொல்லி, எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்வது. குரோயிவா பவுடர் டப்பாவைக் காட்டி, “மூடியிருக்கு,” என்று சொல்ல வேண்டும். நான் அதையே காட்டி, “மூடியிருக்கு, சரி,” என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் நான் எண்ண வேண்டும், அவள் திருப்பி எண்ண வேண்டும். முகத்தைப் பார்த்து. ‘முகத்தைப் பார்த்து’ என்பதை ஹயசாகா அடிக்கோடிட்டிருந்தாள்.

“எனக்கு ஆட்சேபம் இல்ல,” என்றாள் குரோயிவா, பலகையைப் பார்த்து. “ஆனா நிஷிவாகி சானுக்கு வயசாகுது, காது மந்தம்னு தோணுது. தனி அடுப்புக்கு இளசா ஒருத்தர வச்சா, அவங்களுக்கும் ஓய்வா இருக்கும்.” அவள் என்னைவிட மூன்று வயது பெரியவள்.

“குரோயிவா சான் என் மேல இவ்வளவு அக்கறை வச்சிருக்கிறது இப்பதான் தெரியுது,” என்றேன், நானும் பலகையிடம். “அவங்க தோள்பட்டையும் பாவம். அண்டாவ வேற யாருக்காவது கொடுத்துட்டா நல்லது.”

இரண்டு வேலைக்கும் பயிற்சி முடித்த வேறு ஆள் கூடத்தில் இல்லை. இரண்டு பேரையும் அங்கேயே நிறுத்தினார்கள். வியாழக்கிழமை சமையல் முடிந்ததிலிருந்து மாலைவரை காலி அண்டாவின் இரு பக்கமும் நின்று விரலை நீட்டி நீட்டிக் கத்தினோம். மூடியிருக்கு. மூடியிருக்கு, சரி. ஒண்ணு. ஒண்ணு. முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. ஏலம் விடுகிறவர்கள்கூட இவ்வளவு கடுப்போடு எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. உண்மையைச் சொன்னால், இதைவிட நல்ல வேலை முறை அந்தக் கூடத்தில் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்தார்கள். பத்துப் பேர் ஒத்திகையைப் பார்த்து, தலையாட்டி, கையெழுத்துப் போட்டார்கள். இட்சுகியின் அம்மா ஒகுமுரா சான் சூப்பர் மார்க்கெட் சீருடையோடு வந்திருந்தாள், இடைவேளையில் ஓடி வந்திருக்க வேண்டும். அவள் ஒத்திகையைப் பார்க்கவில்லை. ஐந்து ‘ஏன்’களும் பதில்களும் இருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தலைவர் மன்னிப்புக் கேட்டு இடுப்பு ஒடியக் குனிந்தார், நாங்களும் குனிந்தோம்.

“இந்த ரெண்டு பேரு யாரு?” என்று கேட்டாள்.

நாங்கள் நிமிர்ந்தோம்.

“இப்ப பேசிக்கிறீங்களா?”

ஹயசாகா குறுக்கே வந்தாள். “இனிமே ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு பேரும் சத்தமா...”

“அது பாத்தேன். நான் கேட்டது வேற.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். குரோயிவா சொல்லட்டும் என்று நான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். தொழிலில் இருபது வருடம், ஒன்பது வருட அடுப்பு, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு வரிசையில் நின்றன.

“பாலு ஒத்துக்காதது எம் பையனுக்கு இருக்கிற வியாதி,” என்றாள் ஒகுமுரா சான். கோபமே இல்லாமல், கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவதுபோலப் பேசினாள். “அத நான் பாத்துக்கறேன். உங்களுக்கு இருக்கிற வியாதியையும் அவன் தலையில கட்ட முடியாதுங்க. அவனுக்கு டப்பா கட்டிக் கொடுத்துடறேன்.” காகிதத்தை மடிப்புப் பார்த்து மடித்து, இரண்டு கையாலும் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

பத்துக் கையெழுத்தை வைத்து அலுவலகம் முறையை ஏற்றுக்கொண்டது. அடுப்பு தப்பித்தது. மிதோபே இப்போது எங்கள் இருவரோடும் பேசுவதில்லை.

நேற்று மறுபடி பன்றிக்கறிக் குழம்பு. குரோயிவா டப்பாவைக் காட்டினாள், மூடியிருக்கு என்றாள். மூடியிருக்கு, சரி என்றேன். காற்றாடி இரைச்சலுக்கு மேலே எங்கள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஒண்ணு என்றேன், ஒண்ணு என்றாள். நீலக் கரண்டி இறங்கி ஏறியது. எட்டு. எட்டு. ஒன்பது. ஒன்பது. பத்து. பத்து. பழக்கத்தில் கை மறுபடி அண்டாவுக்குள் போய் நிறைந்து வந்தது. பதினொண்ணு என்றேன்.

எதிரிலிருந்து பதில் வரவில்லை. துடுப்பு நின்றுவிட்டது.

“பத்துதான், நிஷிவாகி சான்,” என்றாள் குரோயிவா.

அது முறையில் எழுதாத வாக்கியம். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் கேட்டது. எடுத்ததைத் திரும்ப அண்டாவில் விடக் கூடாது என்பது கூடத்தின் விதி. ஆவி பறக்கும் அந்தக் கரண்டியைப் பிடித்தபடி நான் நின்றேன். நான் நகரும்வரை பவுடர் டப்பாவைத் திறக்கக் கூடாது. அவள் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.