காளியண்ணன் காத்திருந்த உத்தரவு

வாழவந்தி நாட்டுக் காளியண்ணன் செத்து இருபத்திரண்டு வருடம் கட்டிலில் கெடாமல் கிடந்தான். 1911 ஆனி மாதம் பலா மரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தபோது அவனுக்கு வயது முப்பத்து நான்கு. அதற்கு எட்டு நாள் முன்புதான் இடுகாட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டிருந்தார்கள். காட்டு எல்லை முடிவாகும்வரை கற்களுக்குள்ளே யாரும் மண்ணை வெட்டக் கூடாதென்று தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்களை ஃபாரஸ்ட் கார்டு ராசப்பன் மறித்தான். கெட்டவன் இல்லை, வேலைக்குப் புதிது.

"இது தற்காலிகந்தானுங்க அம்மணி. பத்து நாள்ல மறு உத்தரவு வந்துருமுங்க," என்றான் காளியண்ணனின் மனைவி அத்தாயியிடம்.

ஓடைக்கு அக்கரையில் புதைத்துவிடலாம் என்றார்கள் ஊரார். அத்தாயி ஒப்பவில்லை. அவர்களுடைய ஒரே பெண் குழந்தை அந்த இடுகாட்டில்தான் கிடந்தது. அதன் பக்கத்தில் காளியண்ணன் தனக்கு இடம் காட்டி வைத்திருந்தான். அவள் பாடையருகே குனிந்து, "மாமா, பத்து நாள் பொறுத்துக்க," என்றாள். உயிரோடிருந்தபோதே சர்க்கார் ஆளைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுகிறவன் அவன். வீட்டுக்குத் திரும்பிக் கட்டிலில் கிடந்து பொறுத்துக்கொண்டான். பத்தாம் நாள் வாடை வரவில்லை. முப்பதாம் நாள் முகம் மழிக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்குள் பெண்கள் அதே அறையில் உட்கார்ந்து சாமை குத்தினார்கள். விருந்தாளிகள் அவனிடமும் ஒரு வார்த்தை நலம் கேட்டுவிட்டு வெளியே போனார்கள்.

அத்தாயிக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர்கள் வழக்கத்தில் கைம்பெண் மறுபடி கட்டிக்கொள்ளலாம். செல்லமுத்து என்பவன் இரண்டு வருடம் அவளைக் கேட்டான். அவளுக்கும் மனசிருந்தது. ஆனால் புதைத்துக் கருமாதி முடியாமல் தாலி இறங்காது. மூன்றாம் வருடம் அவன் ஆலத்தூர் நாட்டில் பெண் எடுத்தான். அன்று அவள் காளியண்ணனின் முகத்தைப் பார்க்காமலேயே துடைத்துவிட்டாள்.

வருடந்தோறும் அறுப்பு முடிந்ததும் மலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு இறங்கி, மனு எழுதி வாங்கி, அடிவாரத்து ஃபாரஸ்ட் ஆபீஸில் கொடுத்தாள். ஜெர்மன் சண்டை வந்தது, போனது. விஷக் காய்ச்சல் பதினேழு பேரைக் கொண்டுபோனது. அவர்களை அக்கரையில் புதைத்தார்கள். கற்களுக்கு மட்டும் தவறாமல் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒருமுறை குமாஸ்தாவிடம் கேட்டாள்:

"ஏனுங்க சாமி, தற்காலிகம்னா எத்தனை நாளுங்க?"

"நாள் குறிச்சா அது கெடு. நாள் குறிக்காததுதாம்மா தற்காலிகம்."

பதினோராம் வருடம் வந்த குமாஸ்தாவுக்கு இரக்கம் இருந்தது. காகிதக் கட்டை அவிழ்த்து வெகுநேரம் படித்தார். உத்தரவு போட்டவர் எல்லைக்கென்று வந்த தனி அதிகாரி, ரத்து செய்வதானாலும் அவர்தான் செய்யவேண்டும் என்றார்.

"அவிங்க எங்கீங்க இருக்காங்க?"

"அந்தப் பதவியே தற்காலிகமா உண்டாக்கினது. ஆறு மாசத்துல எடுத்துட்டாங்க."

"பதவியே போயிருச்சு. உத்தரவு மட்டும் எப்படீங்க நிக்குது?"

குமாஸ்தா அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அவள் தலை நரைத்தது. கட்டிலில் கிடப்பவன் மகனா என்று துணி விற்க வந்தவர்கள் கேட்டார்கள். முதலில் திருத்தினாள், பிறகு விட்டுவிட்டாள். 1933இல் ஒரு நாள் உச்சி வெயிலில் மண்வெட்டியோடு கற்களைத் தாண்டிப் போய் வெட்டத் தொடங்கினாள். ராசப்பன் ஓடிவந்தான். அவனுக்கும் மீசை நரைத்திருந்தது.

"நிறுத்துங்க அம்மணி. நான் கேஸ் எழுதோணுமுங்க."

"எழுதுங்க சாமி. ஜெயில்லயும் தற்காலிகமாத்தான வெப்பீங்க?"

ராசப்பன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். அந்த வெள்ளைக் கல்லில் யாரும் உட்காரக் கூடாது. அதுவும் உத்தரவில் இருந்தது. உட்கார்ந்தபடியே, "தற்காலிகமாப் பொதைக்க அனுமதி வேணும்னு எழுதிக் கேளுங்க," என்றான்.

பத்தே நாளில் அனுமதி வந்தது. வருடந்தோறும் தை மாதம் பிணத்தை எடுத்துக் காட்டி அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அத்தாயி கைநாட்டு வைத்தாள். குழந்தைக்குப் பக்கத்தில் அவனை இறக்கினார்கள். மண் தள்ளி முடிந்ததும் அவள் தாலியில் கை வைத்தாள். ஊர்ப் பெரியவர்கள் தடுத்தார்கள். மறுபடி எடுக்கப்போகிற பிணத்துக்குக் கருமாதி செய்கிற வழக்கம் இல்லையாம். அவள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தையில் தோண்டியபோது அவன் அப்படியே இருந்தான். புருவத்தில் மட்டும் மண். அவள் ஊதிவிட்டு, புது வேட்டி சுற்றினாள். ராசப்பன் பார்த்து, 'நிலையில் மாற்றமில்லை' என்று எழுதினான். மறுபடி இறக்கினார்கள். அதன்பிறகு எல்லாத் தையிலும் அப்படித்தான் நடந்தது. மண்ணும் இளகிப்போனதால் அரைப்பொழுதில் முடிந்துவிடும். ஒன்பதாம் வருடம் அத்தாயிக்கு மூச்சு வாங்கியது, மேட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். ராசப்பனே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி அவனைத் தூக்கினான்.

"கனம் கொஞ்சமும் கொறையலீங்க அம்மணி," என்றான்.

"கொறையாது சாமி. தலையைப் புடிச்சுத் தூக்குங்க, கழுத்து முறிஞ்ச ஆளு."