செய்தித்தாள் மட்டும் மாறியிருந்தது

வெள்ளிக்கிழமை, மணி பன்னிரண்டே முக்கால். கோட்டுச்சேரி கடைத்தெருவில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் ஓவியா மட்டும் உட்கார்ந்திருந்தாள். முதலாளி காஜா நஜ்முதீன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தாள்.

அதற்குக் கீழே குனிந்து செம்பியன் உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, வேலை ஆர்டர் வந்துடுச்சாமே? இனிமே எங்களையெல்லாம் திரும்பிப் பாப்பியா?"

"எங்கண்ணே! போலீஸ் வெரிஃபிகேஷன் பாக்கி இருக்கு. அடுத்த வாரம் வர்றாங்களாம். அதுல ஒண்ணும் இல்லேன்னாத்தான் வேலை. நீங்க உயிர்ச் சான்றுக்குத்தானே வந்தீங்க?"

"வேற எதுக்கு?"

செம்பியனுக்கு ஊர் பூவம். அவருடைய பெரியப்பா மாரிக்கண்ணு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் பூவத்தில் யாரும் வழி காட்டுவார்கள். எண்பத்தாறு வயது, பிள்ளைகள் இல்லை. பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒருமுறை காட்டியாக வேண்டும். நடமாட முடியாதவர் என்பதால் வீடியோ காலில் அவர் முகமும் அன்றைய செய்தித்தாளும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படிவத்தில் ஒட்டி அனுப்பினால் போதும். கீழே, நேரலையில் பார்த்ததாக ஒரு சாட்சியின் பெயர் வேண்டும். மூன்று வருஷமாக அந்தப் பெயர் ஓவியா.

"பெரியவர் இந்த வருஷமாவது சிரிப்பாரா?"

"பட்டாளத்தான் சிரிச்சா வெள்ளைக்காரன் பென்ஷனை நிறுத்திடுவான்மா. நீ போனைப் போடு."

ஓவியா கம்ப்யூட்டரிலிருந்தே வீடியோ கால் போட்டாள். மறுமுனையில் செம்பியனின் மனைவி அஞ்சுகம் எடுத்தாள். திரை கொஞ்சம் ஆடியது. இருட்டான அறை. தலையணை, நரைத்த தாடி, பாதி மூடிய கண்கள். அஞ்சுகத்தின் கை குறுக்கே வந்து செய்தித்தாளைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தது.

"சீக்கிரம் எடும்மா. அவருக்கு மூச்சு வாங்குது" என்றாள் அஞ்சுகம்.

ஓவியா பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தினாள். கால் உடனே கட் ஆனது.

ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் படிவம் தயாரிக்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. போன வருஷத்து வேர்டு ஃபைலைத் திறந்து, பழைய படத்தின் மேலேயே புதியதை ஒட்டி, அளவு சரிபார்த்த பிறகு பழையதை நீக்குவாள். இன்றும் அப்படித்தான் கன்ட்ரோல் வி அழுத்தினாள். ஓரங்களை வெட்டி, இழுத்து, பழைய படத்தின் மேல் சரியாக உட்கார வைத்தாள்.

கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நகர்ந்துவிட்டதோ என்று ஒரு முறை டிலீட் செய்து பார்த்தாள். புதிய படம் மறைந்து பழையது தெரிந்தது. கன்ட்ரோல் இசட். புதியது வந்தது.

கன்ட்ரோல் ஒய். மறுபடி இசட்.

செய்தித்தாள் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. முகம் மாறவில்லை. தலையணை உறையின் மடிப்பு மாறவில்லை. இடது காதோரம் ஒட்டியிருந்த ஒற்றை முடிகூட அதே இடத்தில் இருந்தது.

ஓவியா படத்தைப் பெரிதாக்கினாள். புதிய செய்தித்தாளின் விளிம்புக்குக் கீழே இன்னொரு தாளின் மூலை எட்டிப் பார்த்தது. ஒரு நகைக்கடை விளம்பரத்தின் கால்வாசி. போன வருஷத்துப் படத்திலும் அதே மூலை, அதே விளம்பரம்.

அவள் எடுத்தது ஒரு மனிதரின் படம் இல்லை. போன வருஷம் அவளே எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த படத்தை யாரோ பெரிதாக்கித் தலையணையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

"அண்ணே, படம் சரியா விழல. திரும்பக் கூப்பிடுங்க. பெரியவரை ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கச் சொல்லலாம்."

செம்பியன் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டியா?"

"அவர் எங்கண்ணே?"

"மாயவரத்துல ஸ்டுடியோக்காரன் நல்லாத்தான் பெருசு பண்ணிக் கொடுத்தான். இந்த மூலையை வெட்டியிருக்கணும். அஞ்சுகத்துக்கு அவ்வளவு விவரம் பத்தாது."

"பெரியவர் எப்பண்ணே போனாரு?"

"போன வருஷம்."

"போன வருஷம் எப்ப?"

"நீ படம் எடுத்தியே, அன்னிக்கு. விடியக்காலைல போனாரு. பதினோரு மணிக்கு நீ படம் எடுத்தே."

ஓவியாவுக்கு அன்றைக்குத் தான் பேசியது காதில் கேட்டது. 'பெரியவரே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.' அப்போது அஞ்சுகத்தின் கை வந்து அந்த முகத்தை மெல்லத் திருப்பியது. பாசமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று இவள் நினைத்தாள்.

"உடம்புக்கு முடியலை, யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். ஒருத்தனும் கேக்கல. நீயும் கேக்காதே. முதல் கட்டத்துல டிக் போடு, உன் பேரை அடி, அனுப்பு. போயிடறேன்."

"முடியாதுண்ணே."

"முடியாதா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "போன வருஷம் செத்தவரைப் பாத்து உயிரோட இருக்காருன்னு எழுதினது யாரு? நானா? கீழ யார் பேரு இருக்கு, படி."

அவள் படிக்கவில்லை.

"அடுத்த வாரம் போலீஸ் வருவாங்கன்னு நீதானே சொன்னே. நல்ல வேலை தங்கச்சி. கெடுத்துக்காதே."

எழுந்து போய் ஷட்டரை இன்னும் ஒரு முழம் இறக்கிவிட்டு வந்தார். கடைக்குள் திரையின் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள். 'பார்த்தேன்' என்று ஒன்று, 'பார்க்கவில்லை' என்று ஒன்று. செம்பியன் அவள் தோளுக்கு மேலே குனிந்து நின்றார். வெற்றிலை வாசனை அடித்தது.

ஓவியா மவுஸை நகர்த்தினாள். முதல் கட்டத்துக்கு மேலே அம்புக்குறி நின்றது. இதில் ஒரு கிளிக் செய்தால் இவர் போய்விடுவார், வேலையும் வந்துவிடும். அடுத்த வருஷமும் இதே மாதத்தில் இதே நாற்காலியை இழுத்துப் போடுவார். தலையணை மேல் அதே முகம் இருக்கும்.

இரண்டாவது கட்டத்தில் கிளிக் செய்தாள்.

"ஏய்!"

"இருங்கண்ணே" என்றபடி, குறிப்பு என்ற இடத்தில் அவருக்குப் புரியாத, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி அடித்தாள். இது படத்தின் படம். போன வருஷமும் இவர் உயிருடன் இல்லை, தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். ஃபைலை மெயிலில் சேர்த்து, செம்பியனின் கை அவள் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் அனுப்புகிற பொத்தானைத் தட்டிவிட்டாள்.

பிடித்த கை விடவில்லை. ஆனால் இறுக்கவும் இல்லை.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

செம்பியன் கையை எடுத்துவிட்டு, தன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"அஞ்சுகம், இனிமே மறைக்க முடியாது. கொல்லைல அந்த வாழைக்குப் பக்கம் போகாதே. ஒண்ணையும் தோண்டாதே. ஒண்ணையும் மூடாதே. நான் தனியா வரமாட்டேன், போலீஸோடதான் வருவேன்." ஓவியாவைத் திரும்பிப் பார்த்தார். "சாட்சிக்குக் கம்ப்யூட்டர் பொண்ணும் வரும்."

ஓவியா எழுந்து ஷட்டருக்குக் கீழே கையைக் கொடுத்தாள். அது மேலே போக மறுத்தது. இரண்டு கையாலும் தூக்கினாள்.