பள்ளத்தில் விழுந்த பாலம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கையில் இருப்பதைப் போட ஒரு பள்ளம் கண்ணில் பட்டால் போதும். குப்பைத்தொட்டி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கால் நகராது. கை மட்டும் நீளும். அன்று காலை அச்சகத்து வாசலில் தெருச் சாக்கடையைக் கம்பியால் கிளறிய தகரக் கிழவருக்குக் கிடைத்தவை ஒற்றைச் செருப்பு, பல் போன சீப்பு, அப்புறம் முழுசாக ஒரு தலையணை.

"தலைக்கு வச்சுப் படுத்தத இதுல போட்டுட்டு வீட்டுக்குப் போயி எப்படித் தூங்குவான்?" என்று தலையணையைப் பார்த்தே கேட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

தகரக் கிழவர் என்று பேர் வந்ததற்கு இரண்டு காரணம். காலமெல்லாம் கூரைத் தகரம் போட்டே பிழைத்தவர் என்பது ஒன்று. தகரத்தில் ஆணியை இழுத்தது மாதிரியான குரல் இன்னொன்று. இரண்டாவதை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

அச்சகம் என்பது முதுகோடு முதுகு ஒட்டி நின்ற இரண்டு கொட்டகைகள். இரண்டின் கூரையும் நடுவை நோக்கிச் சரிந்து ஒரு பள்ளத்தில் சந்தித்தன. மழைத்தண்ணீர் ஓடும் அந்த நடுக்கட்டர்தான் இற்றுப்போய், மழை பெய்தால் பைண்டிங் மேஜைக்கு நேர் மேலே ஒழுகிற்று. அங்கே வேலை பார்க்கும் அவருடைய மருமகள், "எங்க மாமாவ விட்டுப் பாக்கச் சொல்றேன்" என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் மாமாவிடமே சொன்னாள். கிழவருக்குப் பேப்பர் வேலை செய்கிறவர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ஊதினால் பறக்கிற சரக்கை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்களை எதை நம்பி நம்புவது? அச்சகத்து ஏணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் ஏணியைத் தூக்கி வந்தார்.

மேலே ஏறிப் பார்த்தால் வயிறு எரிந்தது. எவனோ ஒரு புண்ணியவான் இரண்டு கூரைத் தகரத்தையும் நேருக்கு நேர் சேர்த்துத் தார் பூசி ஒட்டிவிட்டுப் போயிருந்தான். வெயிலில் தகரம் விரிந்து, குளிரில் சுருங்கி, தார் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "ஒட்டினானாம், ஒட்டு" என்று உளியால் தாரைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, கீழே மருமகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாலம் கட்டர்ல போயிருச்சு."

கிழவர் குனிந்து பள்ளத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். தார்க்கட்டி, காய்ந்த இலை, செத்த பல்லி.

"கட்டர்ல ஒண்ணும் இல்ல" என்று மேலிருந்து கத்தினார்.

கீழே இருந்த எல்லாத் தலையும் அண்ணாந்தன. தாள் மடிக்கிற பெண்கள் சிரித்துவிட்டார்கள். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க கட்டர் இல்ல மாமா. புத்தகத்துக் கட்டர்."

அவர் இறங்கி வந்தார். புத்தகத்துக்கு எதற்குச் சாக்கடை என்று அவருக்குப் பார்த்தாக வேண்டியிருந்தது.

விரித்த புத்தகத்தில் இரண்டு பக்கமும் சரிந்து போய் நடுவில் முட்டிக்கொள்கிற பள்ளம், அதுதான் அவர்கள் சொன்ன கட்டர். மூலையில் பேப்பர் வெட்டும் மெஷினுக்கும் அங்கே கட்டர் என்றுதான் பேர். ஒரு சொல்லைத் தெருவுக்கும் கூரைக்கும் புத்தகத்துக்கும் கத்திக்கும் போட்டு உருட்டுகிறார்களே, இவர்களுக்கு வாய்க்கு வேறு சொல்லே பஞ்சமா என்று கிழவருக்குத் தோன்றிற்று. கேட்கவில்லை. ஏனென்றால் முதலாளியின் முகம் கேலிக்கு லாயக்காக இல்லை.

முதலாளிக்கு அவசரம் என்று பட்டப்பெயர். காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதில் "அவசரம்" என்றுதான் உள்ளே வருவார்.

"நடு வரைக்கும் படத்த இழுத்து வச்சது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் மருமகள். "மடிப்புல நூல் தையல் போடுவோம்னு நெனச்சு வச்சேன்."

"எங்கிட்ட கேட்டியா?"

"கேக்கல. நீங்களும் சைடு தையல்னு சொல்லல."

"சொல்லலன்னா கேக்கணும். தாள் எல்லாம் ஒத்தையா வெட்டியாச்சு. இனிமே எங்க மடிக்கிறது?"

விஷயம் இதுதான். மடிப்பின் வழியே நூல் ஓட்டித் தைத்தால் புத்தகம் தட்டையாக விரியும். ஓரத்தில் மெஷினால் குத்தித் தைத்தால் ஒரு விரல் அகலம் தையலுக்குள் போய்விடும். எழுத்துக்கு அவள் போதுமான ஓரம் விட்டிருந்தாள். ஆனால் புத்தகத்தில் ஏழு வரைபடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்துக்குப் படர்ந்த படம். அவற்றின் நடுத்துண்டுதான் பள்ளத்துக்குள் போயிருந்தது.

எழுதியவர் ஒரு பழைய லாரி டிரைவர். காலம் முழுக்க ஓட்டிய பாதைகளைத் தானே கையால் வரைந்து, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கதை எழுதியிருந்தார். மறுநாள் காலை முதல் பிரதியைப் பார்க்க வருகிறார்.

"அவரு வேண்டாம்னுட்டா, அந்த மேஜைல நீ இனிமே உக்கார வேண்டாம். பழையபடி தாள் மடிக்கப் போ" என்று சொல்லிவிட்டு அவசரம் போய்விட்டார்.

பக்கங்களை அடுக்கி அமைக்கிற அந்த மேஜைக்கு வர மருமகள் வருஷக்கணக்கில் தாள் மடித்தவள். கை விரல் நுனியெல்லாம் தேய்ந்து ரேகையே போயிருக்கும். வீட்டில் அவள் அந்த மேஜையைப் பற்றிப் பேசும்போது சொந்த வீடு கட்டினவள் மாதிரிப் பேசுவாள். கிழவருக்கு அது தெரியும். தெரிந்தும், "முதலாளி சொன்னதுல என்ன தப்பு? கேக்காம செஞ்சது நீ" என்றார்.

"தப்புதான் மாமா. இல்லன்னேனா?"

அவள் தைத்த புத்தகத்தை அவர் முன்னால் விரித்தாள். "இந்தக் கோடு ரோடு. இங்கேருந்து அந்த ஊருக்குப் போங்க."

கிழவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். கோடு வரும். விரலை வைத்து ரோட்டோடு போனார். மலை வளைவில் திரும்பி, ஒரு கோவிலைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு வந்தார். விரல் பள்ளத்தில் விழுந்தது. மறுபக்கம் ஏறினால் ஆற்றைக் காணோம், பாலத்தைக் காணோம், நேராக ஒரு சந்தைக்குள் நின்றார்.

"பாலம் உடைஞ்சிருக்கும். ரோடு போடறவன் இப்பல்லாம் ஒழுங்காவா போடறான்?" என்றார்.

அவள் புத்தகத்தை மூடினாள். சொன்னது அவருக்கே கொஞ்சம் கொட்டினது மாதிரி இருந்தது. ஏணியில் ஏறிக்கொண்டார்.

மத்தியானம் முழுக்க அவர் வேலை செய்தார். தாரைச் சுத்தமாகப் பெயர்த்தார். அகலமான புதுத் தகரப் பட்டை ஒன்றை நீளவாக்கில் நடுவே மடித்துப் பள்ளமாக்கி, இரண்டு கூரைக்கும் அடியில் செருகினார். ஆணியைப் பட்டை வழியே கீழே இருக்கும் மரத்தில் மட்டும் அடித்தார். கூரைத் தகரம் இரண்டும் பட்டையின் மேல் சும்மா படுத்திருந்தன.

கீழே பார்த்தால் மருமகள் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றாள்.

"என்னம்மா வேடிக்க?"

"ரெண்டு கூரையையும் ஒண்ணோட ஒண்ணு சேக்கவே இல்லியே மாமா. விழாதா?"

"சேத்தாத்தான் பிச்சிக்கும். பாத்தல்ல, தார் வெடிச்சிருந்தத. ஆணியெல்லாம் பட்டையோட போகட்டும். கூரை அது பாட்டுக்குக் கெடக்கட்டும். போ, போயி உன் வேலையப் பாரு."

அவள் போனாள். போன வேகத்தைப் பார்த்தால் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

கூரையில் இன்னும் மூடாத ஓர் இடைவெளி இருந்தது. கிழவர் தற்செயலாக அதன் வழியே பார்த்தார். பிறகு தற்செயல் இல்லாமலும் பார்த்தார்.

அவள் தடித்த தாளில் நீளப் பட்டைகளாக நறுக்கினாள். ஒரு பட்டையை நடுவில் மடித்தாள். மடிப்பு ஒரு நாக்கு மாதிரிப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்க, இரண்டு ஓரத்தையும் இறக்கை மாதிரி விரித்தாள். படத்தின் இடத்தாளையும் வலத்தாளையும் கவிழ்த்துப் போட்டு, விளிம்போடு விளிம்பு தொட வைத்து, இறக்கைகளை அவற்றின் முதுகில் ஒட்டினாள். பசையைத் தூரிகையால் தொட்ட விதம் இருக்கிறதே, பிள்ளைக்குக் கண்ணில் மருந்து போடுகிற மாதிரி. ஒரு சொட்டு மிஞ்சவில்லை, ஒரு இடம் விட்டுப்போகவில்லை. எலும்புத் தகட்டால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபுறம் திருப்பினாள். சேர்ந்த இடத்தில் மயிரிழை தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாத் தாளோடும் அதை அடுக்கி, மெஷினில் கொடுத்தாள். ஊசி நாக்கைத்தான் குத்தியது. படத்தைத் தொடவே இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த கிழவர், "அட கழுத" என்றார். அது திட்டு இல்லை. தன் மகன் முதல் முதலாக நடந்தபோதும் அவர் அதைத்தான் சொன்னார்.

அவள் முதல் ஒட்டைக் கிழித்துப் போட்டாள். நாக்கு சற்று நீண்டு பக்கம் மடங்கியதாம். இரண்டாவதையும் கிழித்தாள். மூன்றாவதை விரித்து, மூடி, விரித்து, மூடி, ஒரு குழந்தையைத் தட்டிப் பார்ப்பது போல மேஜையில் தட்டினாள். இறங்கி வந்த கிழவரிடம் காட்டினாள். அவர் படத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து, தகரத்தைச் சோதிக்கிற பலத்தோடு அழுத்தினார். பிரியவில்லை. இழுத்தும் பார்த்தார்.

"மாமா, கிழிச்சிடாதீங்க. காலைக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"பசைதானே" என்று கீழே வைத்தார்.

மறுநாள் காலை அவர் கட்டரின் வாய்க்குக் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரர் வந்தார். ஆள் வாட்டசாட்டம், நடக்கும்போது தோளைத் திருப்பித் திருப்பி, இன்னும் பெரிய வண்டிக்கு இடம் பார்க்கிறவர் மாதிரி நடந்தார். கிழவர் பற்றவைப்பை நிறுத்திவிட்டு, கூரையில் மூடாமல் விட்டிருந்த இடைவெளிக்கு வந்தார்.

அவசரம் புத்தகத்தை நீட்டினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு மருமகள் நின்றாள். அவள் பிடித்திருந்த பிடி மேலிருந்தே தெரிந்தது.

லாரிக்காரர் அட்டையைப் பார்க்கவில்லை. தன் பேரைத் தேடவில்லை. நேராக அந்தப் படத்துக்குப் புரட்டினார். கையை விட்டதும் அந்த இரண்டு பக்கமும் தட்டையாகப் படுத்தன. விரலை மலை வளைவில் வைத்தார், கோவிலைத் தாண்டினார், ஆற்றங்கரைக்கு வந்து வேகத்தைக் குறைத்தார். விரல் பாலத்தில் ஏறிற்று. நடுப்பாலத்தில் நின்றது.

"இந்த எடத்துலதான் வண்டி நின்னுபோச்சு" என்றார். "பின்னால அவ்வளவு வண்டி. ஒருத்தரும் ஹாரன் அடிக்கல. என் பொண்ணு பொறந்த சேதி அங்கதான் வந்துச்சு. எதிர வந்த டிரைவர் எறங்கி வந்து சொன்னான்." விரல் நகர்ந்து அக்கரைக்குப் போனது. "வேற ரெண்டு பிரஸ்ல அடிச்சுக் காட்டினாங்க. ரெண்டுலயும் பாலத்தக் காணோம். படம்னா அப்படித்தான்னாங்க."

"எங்க வேலை அப்படி இருக்காதுங்க" என்றார் அவசரம்.

லாரிக்காரர் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தைத் தூக்கி, பின்னால் ஒட்டியிருந்த பட்டையைத் தடவினார். "இது யாரு பண்ணது?"

அவசரம் மோவாயால் மேஜையைக் காட்டினார்.

"ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏழு ஒட்டு" என்றாள் மருமகள். "கையாலதான் ஒட்டணும். நாளாகும். ஆரம்பத்துலயே நான் கேட்டிருந்தா இது வேண்டியிருந்திருக்காது. என் தப்பு."

"ஆகட்டும். லாரில போனவனுக்குக் காத்துக்கெடக்கத் தெரியாதா?" என்று லாரிக்காரர் முதல் பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவசரம் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஒட்டறதுக்கு மடிக்கிறவங்கள்ல ரெண்டு பேர வச்சுக்க. எப்படி ஒட்டணும்னு நீயே காட்டு" என்றார். போகிற போக்கில், "அடுத்த தடவ கேளு" என்றார்.

"அடுத்த தடவ சொல்லுங்க" என்றாள் அவள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

மேலே கிழவர் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த வாய்க்குத் தன் மகன் எப்படித் தாக்குப்பிடிக்கிறான் என்று நினைத்தார். பெருமையாகத்தான் இருந்தது. முதலாளியிடம் தப்பை ஒத்துக்கொண்டு அதே மூச்சில் பதிலும் சொல்ல, தன் காலத்தில் தனக்கு வந்ததில்லை.

கூரை இடைவெளியையும் மூடியதோடு வேலை முடிந்தது. ஒரு குடம் தண்ணீரைக் கட்டரில் ஊற்றினார். அது பள்ளத்தோடு ஓடி, குழாய் வழியே இறங்கி, தெருச் சாக்கடைக்குள் போய்ச் சேர்ந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. சாமான்களைப் பையில் போட்டு, ஏணியைத் தோளில் ஏற்றினார்.

மருமகள் கையில் பசையோடு வாசலுக்கு வந்தாள். "மாமா, ஒண்ணும் சொல்லாமப் போறீங்களே. எப்படி இருக்கு?"

"பட்டை நல்லாத்தான் வெட்டியிருக்க."

"அவ்வளவுதானா?"

"பசைம்மா அது. மழைல நனைஞ்சா விட்டுடும்."

"புத்தகத்த யாரு மாமா மழைல வைப்பாங்க?"

கிழவர் சாக்கடையைப் பார்த்தார். நேற்று கிளறிச் சுத்தம் பண்ணின இடத்தில் புதுசாக ஒரு கிழிந்த பை மிதந்தது. கம்பியால் அதை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"இந்தக் காலத்து ஆளுங்க வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு, ஏணி முன்னும் பின்னும் ஆட, தெருவில் இறங்கி நடந்தார்.