அடுத்த வீடு

வெள்ளம் வந்த மறுநாள் காலை, மலேசியாவின் பத்து பகாட் நகருக்கு வெளியே ஒரு பள்ளி மண்டபத்தில் திறந்திருந்த நிவாரண மையத்தில் ரூபினி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். ஜொகூர் பாருவில் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதுவது அவள் வேலை. சாலை மூடிவிட்டதால் வேலைக்குப் போக வழியில்லை. சும்மா இருக்கவும் மனமில்லை. படகில் ஆட்களை ஏற்றிவரும் தன்னார்வலர்களுக்காக அவசரமாக ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்திருந்தாள்.

உதவி கேட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஒரு வீட்டாரை ஏற்றியதும் படகில் இருப்பவர் 'அடுத்த வீடு' என்ற பொத்தானைத் தொட வேண்டும். அடுத்த எண்ணுக்குரிய வீடு திரையில் வரும். வீடுகள் தீர்ந்ததும் 'எல்லாரும் வந்துவிட்டார்கள்' என்று பச்சை எழுத்துகள் தோன்றும். யாராவது தாங்களாகவே மையத்துக்கு வந்து சேர்ந்தால், வாசல் மேசையில் இருந்த கஸ்தூரி அவர்கள் பதிவை அழித்துவிடுவார்.

பச்சை எழுத்துகள் தோன்றிய சற்று நேரத்தில் மேசைத் தொலைபேசி அடித்தது. கஸ்தூரி ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஹலோ, நிவாரண மையமா? நான் அமானுல்லா, ஜொகூர் பாருல ஓட்டல் வச்சிருக்கேன். என் வீட்டுக்காரம்மா ஜொஹரா அங்க வீட்டுல தனியா இருக்கா. கால் ஒடஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. நேத்தே பேர் குடுத்தாச்சு, இன்னும் யாரும் வரலயாம்மா? இப்ப போனும் எடுக்க மாட்டேங்குறா."

"எல்லாரும் வந்தாச்சுன்னு காட்டுதே அண்ணே..." என்ற கஸ்தூரி, பேச்சை நிறுத்தி ரூபினியைப் பார்த்தார்.

ரூபினி முழுப் பதிவையும் திறந்தாள். ஜொஹராவின் வீடு இருபத்து மூன்று. அழிக்கப்படவில்லை, ஏற்றப்படவும் இல்லை. கடைசியாகப் படகு போனது பத்தொன்பதாம் எண் வீட்டுக்கு. இருபதும் இருபத்தொன்றும் இருபத்திரண்டும் தாங்களாகவே வந்துவிட்ட குடும்பங்கள்.

இப்போதைய எண்ணோடு ஒன்றைக் கூட்டு, அந்த எண் இல்லையென்றால் வீடுகள் முடிந்தன என்றுதான் எழுதியிருந்தாள். சோதித்துப் பார்த்தபோது ஒன்று முதல் ஐந்து வரை எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. நடுவில் எண்கள் காணாமல்போகும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"அலமாக்!" என்று பதறிக் கைப்பேசியை எடுத்தாள். படகில் இருந்தது கனகராஜ், தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர்.

"அண்ணே, திரும்பி வராதீங்க! இன்னும் முடியல. நான் தப்பா எழுதிட்டேன்."

"பச்சை வந்துச்சே? கரை கிட்ட வந்துட்டோம் லா."

"வந்துச்சு, அது பொய். ஜொஹரா அக்கா வீடு, தொழுற சுராவுக்குப் பின்னால நீலக் கேட்டு. கால் ஒடஞ்சவங்க."

"சரி, திருப்புறேன். நீ மத்ததப் பாரு."

மற்றதைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. அதே வலைப்பக்கத்தில் தன் பகுதிக்கான தனிப் பட்டியலை வைத்துக்கொண்டு, விஜயன் என்ற தன்னார்வலர் மேற்குப் பக்கம் இன்னொரு படகில் போய்க்கொண்டிருந்தார். பதிவுகளோ நிமிடத்துக்கு நிமிடம் மாறின. எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வீடு கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போ என்று முதலில் மாற்றினாள். இடைவெளிகளைத் தாண்டியது. கடைசி வீட்டில் பக்கம் அப்படியே உறைந்து நின்றது. அதற்கப்பால் வீடே இல்லையென்பது தெரியாமல் அது கூட்டிக்கொண்டே இருந்தது.

விரல்களை மடக்கி ஒரு மூச்சு விட்டாள். எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். இருக்கிற எண்களை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாகத் தனியே வரிசைப்படுத்தினால் போதும். அந்த வரிசையில் இப்போதைய எண்ணைத் தாண்டி முதலில் நிற்பது எதுவோ, அதுதான் அடுத்த வீடு. இப்போதைய எண்ணே அழிந்துபோயிருந்தாலும், அதைவிடப் பெரியதில் முதலாவதை எடுக்கலாம். தாண்டி எதுவும் இல்லாவிட்டால் மட்டுமே பச்சை.

மூன்று, ஏழு, எட்டு, பதினைந்து என்று வேண்டுமென்றே கோணலாக எண்களைக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றுக்கு அடுத்து ஏழு வந்தது. பதினைந்துக்கு அடுத்துப் பச்சை வந்தது. ஏழாம் எண்ணை அழித்துவிட்டுக் கேட்டபோதும் எட்டைச் சரியாகக் காட்டியது.

புதிய பக்கத்தை அனுப்பி முடிப்பதற்குள் அமானுல்லா மறுபடியும் அழைத்துவிட்டார். இம்முறை ரூபினியே பேசினாள்.

"போட் போயிட்டிருக்கு அண்ணே. வைக்காதீங்க, லைன்லயே இருங்க."

அவருக்குப் பின்னால் ஓட்டலில் யாரோ தேத்தாரிக் டீ கேட்டுக் குரல் கொடுத்தார்கள். ரூபினியின் கைப்பேசி அதிர்ந்தது.

"அக்கா இருக்காங்க!" கனகராஜ் கத்தினார். "சாப்பாட்டு மேசை மேல ஏறி உக்காந்திருக்காங்க. மாவுக்கட்டுல பிளாஸ்டிக் பை சுத்தியிருக்கு, நனையவே இல்ல. போன்தான் தண்ணியில விழுந்திருச்சாம். இருங்க, என்னமோ சொல்றாங்க..."

"தம்பி, ஒரு செருப்பு மிதந்து போயிருச்சு," என்று பின்னால் ஒரு பெண்குரல். "பரவாயில்ல, ஒரு காலுக்குத்தானே, ஒண்ணு போதும்."

இரண்டு தொலைபேசிகளையும் ரூபினி அருகருகே பிடித்திருந்தாள். அமானுல்லா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அல்ஹம்துலில்லா, அல்ஹம்துலில்லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயரைக் குறிக்கப் பேனாவைத் தேடினார்.

அதன்பின் கனகராஜின் திரையில் இருபத்தாறு வந்தது, பிறகு முப்பத்தொன்று. விஜயனின் பக்கமும் ஒவ்வொன்றாகத் தாண்டிச் சென்றது. மீண்டும் பச்சை தோன்றியபோது ரூபினி அதை நம்பவில்லை. பதிவில் இருந்த பெயர்களைக் கஸ்தூரி வாசிக்க, மண்டபத்தில் ஆட்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒருவரும் விடுபடவில்லை.

மண்டபத்தின் மறுமூலையில் இருந்த ஜொஹராவை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்து ரூபினியின் பக்கத்திலேயே இறக்கினார்கள்.

"அக்கா, படகு உங்க வீட்ட விட்டுட்டு வந்தது என்னாலதான். நான் எழுதுனதுல..."

"வந்துட்டேன்ல, இன்னும் என்னம்மா?" ஜொஹரா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ பசியாறுனியா?"

அப்போதுதான் ரூபினிக்குப் பசி தெரிந்தது. யாரோ நீட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மடிக்கணினியை ஒதுக்கிவைத்துவிட்டு, சம்பல் உறைக்க உறைக்கச் சாப்பிட்டாள்.